பேஸ் இல்லாமல் ஓர் ஒத்திகை

எங்கள் மெல்லிசைக் குழுவின் பேஸ் கிற்றார்காரருடைய செத்த வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள்: "இனி குரூப்பை நடத்துவீங்களோ, விடப்போறீங்களோ?" கேட்டவர் பொல்லாத மனிதர் இல்லை. ஆவணியில் அவருடைய மகளுக்குக் கல்யாணம். எங்களுக்கு அட்வான்ஸ் தந்திருந்தார். அவருக்கும் கவலை இருக்கும்தானே. ஆனால் பொரளையில் ஒரு மலர்ச்சாலைக்குள், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதற்கு என்ன பதில் சொல்வது? "31ஆம் நாள் முடியட்டும் ஐயா, நானே கோல் எடுக்கிறேன்" என்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு நாங்கள் எடுத்த நல்ல முடிவுகள் எல்லாம் அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான்.

கொழும்பில் எங்களைப் போன்ற மெல்லிசைக் குழுக்கள் எத்தனையோ. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மண்டபங்களில் கல்யாண வரவேற்பு, கொட்டாஞ்சேனைப் பக்கம் கோயில் திருவிழா, டிசம்பர் 31 இரவு ஏதாவது ஒரு ஹோட்டல். பகலில் ஆளுக்கொரு வேலை, இரவில் இது. நான் கீபோர்ட். எங்கள் பேஸ் கிற்றார்காரர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்களுக்கும், எங்கள் பிள்ளைகளுக்கும், மண்டபத்து வாட்ச்மேனுக்கும் அவர் ‘பேஸ் அண்ணா’. ஒரு வெள்ளிக்கிழமை விடியப்புறம் நெஞ்சு நோகுது என்று எழும்பியவர், வெளிச்சம் வருவதற்குள் போய்விட்டார்.

இதை வாசிக்கிற வாத்தியக்காரர்களுக்கு ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சு நோ வந்தால் ஓட்டோ தேடி வாசலுக்குப் போகாதீர்கள். 1990 அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எங்கள் தொழிலில் நடுச்சாமத்தில் கொத்து ரொட்டி, விடிய விடிய முழிப்பு, ஸ்பீக்கர் தூக்குதல் எல்லாம் சாதாரணம். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். நாங்கள் எல்லோரும் இப்போது பார்த்துவிட்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘தொடருவதா, நிறுத்துவதா’ என்பதை ஒரே கேள்வி என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குள் பல கேள்விகள் இருக்கின்றன. வருகிற சனிக்கிழமை நிகழ்ச்சிக்குப் போவதா? வாங்கிய முற்பணத்தை என்ன செய்வது? அவருடைய சாமான்கள் எங்கே, எவருக்கு? குழுவின் பேர் அப்படியே இருக்குமா? புது ஆள் வருவாரா, எப்போது? இவற்றில் முதல் இரண்டுக்கும் அந்த வாரமே பதில் வேண்டும். மற்றவை காத்திருக்கலாம். காத்திருக்கவும் வேண்டும். சவம் எடுத்த அன்று இரவு எங்கள் பாடகர் "இனி நான் மைக் பிடிக்க மாட்டேன்" என்று சொன்னார். ட்ரம்ஸ் வாசிக்கிற தம்பி "அண்ணாவுக்காகவே நடத்த வேணும்" என்று அழுதான். இரண்டும் உண்மையான பேச்சுத்தான். அந்த இரவில் வாக்கெடுப்பு வைத்திருந்தால் எங்களில் பாதிப்பேர் பிறகு தங்கள் சொல்லுக்கே கட்டுப்பட முடியாமல் தவித்திருப்பார்கள். பெரிய முடிவை 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டி வரை யாரும் எடுப்பதில்லை, எடுக்கும்படி யாரையும் நெருக்குவதும் இல்லை என்று மட்டும் பேசிக்கொண்டோம். அந்தியேட்டி என்று நாள் குறித்தது வசதியாகவும் இருந்தது. கேட்டவர்கள் எல்லோருக்கும் அது விளங்கியது, வேறு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சின்ன முடிவுகளில் முதலாவது, ஏற்கெனவே ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகள். ஒரு ஆளை நியமித்து, அவர் மட்டும் எல்லோருக்கும் கோல் எடுக்க வேண்டும். எங்களில் அது நான். செய்தி சொன்ன அதே மூச்சில் "காசு திரும்ப வேணுமெண்டால் தாறோம், வேறு குழு வேணுமெண்டால் ஒழுங்கு செய்து தாறோம், எங்களையே வரச் சொன்னால் வேறொருவரை பேஸுக்குக் கூட்டிக்கொண்டு வாறோம்" என்று மூன்று வழியையும் வைத்தேன். முக்கால்வாசிப் பேர் "நீங்களே வாங்கோ" என்றார்கள். ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் பெரியம்மா மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தம்பி, துடக்கு ஒண்டும் இல்லைத்தானே?" சாவுத் தீட்டைத்தான் கேட்டார். எனக்கு ஒரு நொடி சுருக்கென்றது. பிறகு யோசித்தேன். அவர் கேட்காமல் மனதுக்குள் வைத்திருந்தால் அந்தக் கல்யாணம் முழுக்க எங்களைக் கண்ட நேரமெல்லாம் அவருக்கு அதே நினைப்பாக இருந்திருக்கும். நாங்கள் இரத்த உறவு இல்லை, எங்களுக்குத் துடக்கு இல்லை, ஆனால் உங்களுக்கு மனம் ஒப்பாவிட்டால் நாங்கள் வரவில்லை என்றேன். வேறு குழுவுக்கு மாற்றிக்கொடுத்தோம். அந்தக் குழுவின் தலைவர், போட்டிக்காரர் என்று நாங்கள் நினைத்திருந்தவர், வந்த காசில் ஒரு பகுதியை அண்ணாவின் வீட்டுக்கு அனுப்பினார். இந்தத் தொழிலில் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

கணக்கு விஷயம் கொஞ்சம் சிக்கலானது. முற்பணங்கள் எல்லாம் அண்ணாவின் சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் போயிருந்தன. கணக்குக்காரர் இறந்தால் அந்தக் காசை எடுக்க மரணச் சான்றிதழ், பத்திரம் என்று நாள் இழுக்கும். அதற்காக அக்காவிடம், அவருடைய மனைவியிடம், போய் நிற்க எங்களில் ஒருவருக்கும் மனமில்லை. அதனால் இப்படிச் செய்தோம்: அவர் ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றிலும் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, அவர் கணக்கில் இருக்கிற முற்பணம் அந்தப் பங்கில் சேரும், குறைவது இருந்தால் நாங்கள் போட்டுக் கொடுக்கிறோம். அவருக்குப் பதிலாக வந்து வாசித்தவருக்கு மற்றவர்களின் பங்கிலிருந்து கொடுத்தோம். அந்த மாதங்களில் எல்லோருக்கும் கை கொஞ்சம் கடித்தது. ஆனால் காசு பற்றி அந்த வீட்டில் ஒரு சொல்லும் எழவில்லை. இப்போது குழுவுக்கென்று இரண்டு பேர் பெயரில் கூட்டுக் கணக்கு இருக்கிறது, ஒருவர் இல்லாவிட்டாலும் மற்றவர் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். முகநூல் பக்கத்துக்கும் இப்போது மூன்று நிர்வாகிகள். ஒரே ஒரு நிர்வாகி இருந்து, அவருடைய கணக்கு நினைவுக் கணக்காக மாற்றப்பட்டால் பக்கமே நீக்கப்படலாம். பத்து வருடத்துப் படங்கள் அதில் கிடக்கின்றன என்றால் யோசித்துப் பாருங்கள்.

அவருடைய சீ.ஆர். கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீல மட்டை, ஓரம் எல்லாம் பிய்ந்து, செலோடேப் ஒட்டியது. அதில் பாட்டுப் பட்டியலும் நிகழ்ச்சித் தேதிகளும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம். அக்கா கொண்டுவந்து தந்தபோது திறந்து பார்த்தால் ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் சின்னச் சின்ன எழுத்தில் குறிப்புகள். "தங்கச்சிக்கு 5½, தொண்டை கட்டினால் 5." அது எங்கள் பாடகிக்கான கட்டை, அதாவது சுருதி. "இரண்டாவது சரணத்தில் ட்ரம்ஸ் ஓடுவான், பிடி." "இந்த மண்டபத்தில் மேடையின் இடப்பக்கம் பிளக் வேலையில்லை." "முடிவு: நான் தலையாட்டிய பிறகு." என்னைப் பற்றியும் ஒன்று இருந்தது: "கீபோர்ட் இங்கே யோசிக்கும், ஒரு பார் கூட்டிக் கொடு." பார் என்பது தாளத்தின் ஓர் அளவு. பதினைந்து வருடமாக அந்த இடத்தில் எனக்காக ஒரு பார் கூட்டி வாசித்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. முழுக் கொப்பியையும் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு, அசலை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தோம். அது அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது.

அந்தக் குறிப்புகளை வாசித்த பிறகுதான் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல நினைக்கிற காரியத்தைச் செய்தோம். புது பேஸ்காரரைத் தேடுவதற்கு முன்னால், அவருடைய இடத்தை வெறுமையாக விட்டு ஓர் ஒத்திகை.

பதிலுக்கு வருகிறவர்களோடு ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. அதெல்லாம் எப்படியோ ஒப்பேறியது. அந்தியேட்டி முடிந்த பிறகு ஒரு ஞாயிறு தெகிவளையில் வழக்கமான அறைக்கு நாங்கள் மட்டும் போனோம். வெளியாள் ஒருவரும் இல்லை. பழகிப் பழகித் தேய்ந்த ஒரு பாட்டை எடுத்தோம். யாரும் தொடங்கவில்லை. ஏன் என்று பிறகுதான் பிடிபட்டது: தொடக்கத்தில் குதிக்காலால் நிலத்தில் தட்டி எண்ணிக்கை கொடுப்பவர் அவர். நாங்கள் எல்லோரும் அந்தத் தட்டலுக்குக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறோம். ஒருமாதிரித் தொடங்கினால், சொல்லிவைத்தது போல இரண்டாவது சரணத்தில் ட்ரம்ஸ் ஓடியது. பாடகர் பல்லவிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு சுற்று முந்திவிட்டார். கிற்றாரின் கழுத்தை அண்ணா கொஞ்சம் உயர்த்தினால்தான் ‘இப்ப வா’ என்று அர்த்தமாம். பாடகர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். பாட்டு முடியவில்லை. தலையாட்ட ஆளில்லாததால் கடைசி வரியே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தது, கடைசியில் ஒவ்வொருவராக விட்டோம்.

எனக்கு என்ன நடந்தது என்றும் சொல்கிறேன். கீபோர்டில் நடு ஸ்வரங்களுக்குக் கீழே என் இடது கை போகவே இல்லை. கீழே இடம் காலியாக இருக்கிறது, யாராவது நிரப்ப வேண்டும் என்று காது சொல்கிறது, விரல் போக மறுக்கிறது. அந்தப் பகுதி அவருடையது என்று இத்தனை வருடம் பழகிய கை. எண்பதுகளின் தமிழ் சினிமாப் பாட்டுகளை மேடையில் வாசித்தவர்களுக்குத் தெரியும், அதில் பேஸ் என்பது இரண்டாவது பாடகர் மாதிரி. பாடகர் மூச்சு விடுகிற இடத்தில் அது பேசும். அதைக் கேட்டுக் கேட்டு எங்கே வாசிக்கக் கூடாது என்று நான் கற்றிருந்தேன் போலிருக்கிறது.

அந்த ஒத்திகையில் ஒரு பாட்டும் ஒழுங்காக வரவில்லை. ஆனால் முடிந்த பிறகு தேநீர் குடித்துக்கொண்டு ஒரு தாளில் எழுதத் தொடங்கினோம்: அவர் என்னென்ன செய்துகொண்டிருந்தார்? பேஸ் வாசித்தார். தொடக்க எண்ணிக்கை கொடுத்தார். வேகத்தைப் பிடித்து வைத்தார். பாடகர்களுக்குச் சாடை காட்டினார். முடிவு கொடுத்தார். நிகழ்ச்சிக்கு முன் பாடகியிடம் தொண்டை எப்படி என்று கேட்டுக் கட்டையை முடிவு செய்தார். சவுண்ட்காரரோடு பேசினார். கல்யாண வீட்டுக்காரர் "இன்னும் ஒரு பைலா போடுங்கோ" என்று நெருக்கும்போது எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று தீர்மானித்தார். பாடகருக்கும் ட்ரம்ஸ் தம்பிக்கும் இடையில் கோபம் வந்தால் நடுவில் நின்றார். தாள் நிரம்பிவிட்டது. பேஸ் வாசிப்பு அதில் ஒரு வரிதான்.

இவ்வளவையும் தெரியாமல் ஒரு புது ஆளைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் எவ்வளவு நல்ல வித்துவானாக இருந்தாலும் ‘என்னமோ சரியில்லை’ என்று எங்களுக்குப் பட்டிருக்கும். பழி அவர் தலையில் விழுந்திருக்கும். ஆள் மாற்றி ஆள் பார்த்திருப்போம். அதனால் முதலில் அந்தத் தாளில் இருந்த மற்ற வேலைகளை எங்களுக்குள் பிரித்தோம். எண்ணிக்கையும் முடிவும் ட்ரம்ஸ் தம்பிக்கு. சாடை காட்டுவது எனக்கு. அதற்காக மேடையில் எல்லோரும் என் முகத்தைப் பார்க்கும்படி கீபோர்டை நகர்த்தினோம். கட்டை பற்றிய முடிவு பாடகியுடையது, அவரே எங்களுக்குச் சொல்ல வேண்டும். சண்டைக்கு நடுவில் நிற்கிற வேலையை மட்டும் யாருக்கும் கொடுக்க முடியவில்லை. சண்டை வந்தால் அன்றைக்கே பேசி முடிப்பது, வான் வண்டியில் ஏறுவதற்கு முன் முடிப்பது என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம். எப்போதும் நடப்பதில்லை. பெரும்பாலும் நடக்கிறது. இவையெல்லாம் ஓரளவு பழகிய பிறகுதான் பேஸுக்கு ஆள் தேடினோம். வந்தவர் பேஸ் மட்டும் வாசித்தால் போதும் என்ற நிலை அப்போது வந்திருந்தது.

அந்த இடைக்காலத்தில் எங்கள் வட்ஸ்அப்பில் உலகத்துக் குழுக்களின் கதையெல்லாம் வந்து குவிந்தது. ஒவ்வொருவரும் தங்கள் மனதுக்குப் பிடித்த உதாரணத்தைப் போட்டார்கள். லெட் செப்பலின் தங்கள் ட்ரம்ஸ்காரர் ஜோன் பொன்ஹாம் 1980 செப்டெம்பரில் இறந்த பிறகு, அந்த டிசம்பரிலேயே இனி இல்லை என்று அறிவித்துவிட்டது. அதே வருடம் பெப்ரவரியில் பாடகர் பொன் ஸ்கொட்டை இழந்த ஏசி/டிசி, ஜூலையில் புதுப் பாடகரோடு ஆல்பமே வெளியிட்டது. ஜோய் டிவிஷன் குழுவின் பாடகர் இறந்தது அதே 1980 மே மாதம். எஞ்சிய மூவரும் பழைய பேரை விட்டுவிட்டு நியூ ஓர்டர் என்று புதிதாகத் தொடங்கினார்கள், ஒருவர் விலகினால் பேரையும் விட்டுவிடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். லிங்கின் பார்க் 2017இல் பாடகரை இழந்து, புதுப் பாடகியோடு திரும்பி வந்தது 2024இல். நம் ஊரிலேயே ஜிப்சீஸ் இருக்கிறது. 2021 செப்டெம்பர் 6ஆம் தேதி அதன் பாடகர் சுனில் பெரேரா காலமான பிறகு தம்பி பியல் பெரேரா முன்னால் நின்று நடத்துகிறார். சுனில் இல்லாத ஜிப்சீஸை நினைத்தும் பார்த்திராத ஊர் இது.

இவற்றைப் படித்து நான் எடுத்துக்கொண்டது, இதற்கு முறை என்றோ காலக்கெடு என்றோ ஒன்றும் கிடையாது என்பதுதான். ஐந்து மாதமும் சரியாகியிருக்கிறது, ஏழு வருடமும் சரியாகியிருக்கிறது, நிறுத்தியதும் சரியாகியிருக்கிறது. ஒன்று மட்டும் மனதில் நின்றது. பொன் ஸ்கொட்டின் பெற்றோரே தொடரச் சொன்னதாக அந்தக் குழுவினர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். நாங்களும் பெரிய முடிவுக்கு முன் அக்காவிடம் போனோம். அனுமதி கேட்கப் போகவில்லை, அந்தப் பாரத்தை அவர் தலையில் வைக்கக் கூடாது. "தொடர நினைக்கிறோம், உங்களுக்கு நெஞ்சு நோகிற மாதிரி எதையும் செய்யக் கூடாது, என்னென்ன என்று சொல்லுங்கோ" என்றோம். அவர் இரண்டு விஷயம் சொன்னார். பேரை மாற்ற வேண்டாம், அந்தப் பேரை வைத்ததே அண்ணாதான். அப்புறம், பானரில் அவர் படத்தைப் போட வேண்டாம், கடைக்குப் போகிற வழியில் மதிலில் அவர் முகத்தைக் காணத் தன்னால் இயலாது. நாங்களாக யோசித்திருந்தால் படத்தைத்தான் முதலில் போட்டிருப்போம். மரியாதை என்றுகூட நினைத்திருப்போம்.

அஞ்சலி விஷயத்திலும் நான் கொஞ்சம் கண்டிப்பான ஆள். கல்யாண மேடையில் அஞ்சலி கூடாது. ஒரு பெண்ணும் மாப்பிள்ளையும் தங்கள் நல்ல நாளுக்காகக் காசு கொடுத்து எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே வந்து எங்கள் துக்கத்தை விரிப்பது நியாயம் இல்லை. அறிவிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம், ஏனென்றால் நல்ல மனதோடு ஒரு நிமிட மௌனம் கேட்டுவிடுவார்கள். அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டில், அதாவது நினைவு மலரில், குழு சார்பில் ஒரு பக்கம் எழுதினோம். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியது. ஆண்டுத் திவசத்தை அண்டிப் பம்பலப்பிட்டியில் ஒரு சின்ன மண்டபம் எடுத்து, டிக்கெட் இல்லாமல், அவரைத் தெரிந்தவர்களை மட்டும் கூப்பிட்டு அவருக்குப் பிடித்த பாட்டுகளை வாசித்தோம். அங்கே அழுதோம். எங்கள் பாடகர், மைக் பிடிக்க மாட்டேன் என்றவர், அன்றைக்கு மூன்று மணித்தியாலம் பாடினார்.

சிலர் அண்ணாவின் மகனை மேடையேற்றச் சொன்னார்கள். ஃபூ ஃபைட்டர்ஸ் ட்ரம்ஸ்காரர் டெய்லர் ஹோக்கின்ஸ் 2022 மார்ச்சில் இறந்து, செப்டெம்பரில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் அவருடைய மகன் ஷேன் அப்பாவின் இடத்தில் வாசித்ததை உதாரணமாகக் காட்டினார்கள். அந்தப் பிள்ளை முன்பே ட்ரம்ஸ் வாசிப்பவன். எங்கள் அண்ணாவின் மகனுக்குக் கிரிக்கெட்தான் உயிர். சபையில் உள்ளவர்கள் அழுவதற்காக ஒரு பிள்ளையின் கையில் கிற்றாரைக் கொடுத்து நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கிற்றார் வீட்டில் இருக்கிறது. என்றாவது அவனாக எடுத்தால் சொல்லிக்கொடுக்க நாங்கள் இருக்கிறோம். பொதுக் காசில் வாங்கிய அம்ப் மட்டும் குழுவிடம் இருக்கிறது. எது எவருடையது என்று அந்தியேட்டி முடிந்த கையோடு எழுதி, அக்காவின் தம்பியை வைத்துக்கொண்டு ஒப்படைத்தோம். இதை நாள் கடத்தக் கூடாது. கேட்கிறவருக்கும் கூச்சம், கொடுக்கிறவருக்கும் கூச்சம் என்று வருடக்கணக்கில் கிடந்த சாமான்களை வேறு குழுக்களில் கண்டிருக்கிறேன்.

எங்களில் அதிகம் உடைந்தது ட்ரம்ஸ் தம்பி. வெளியே தெரியவில்லை. ட்ரம்ஸும் பேஸும் மேடையில் ஒன்றோடொன்று ஒட்டி வாழ்கிறவை. அவனுடைய வலது காலும் அண்ணாவின் வலது கையும் ஒரே நொடியில் விழ வேண்டும். அந்தக் கை இல்லாமல் போனதை ஒவ்வொரு அடியிலும் அவன்தான் கேட்டான். தூக்கம் போனது, நிகழ்ச்சி முடிந்த பிறகு குடிக்கத் தொடங்கினான். நாங்கள் அறிவுரை சொல்வதை நிறுத்திவிட்டு, சில நிகழ்ச்சிகளுக்கு வராமல் இருக்கலாம், பங்கு குறையாது என்று சொன்னோம். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும், மனம் விட்டுப் பேச ஹோட்டன் பிளேஸில் இருக்கிற சுமித்ரயோ அமைப்பையும் பற்றிச் சொன்னது எங்கள் பாடகி. அவன் பேசினான், போனான். என்ன பேசினான் என்று நாங்கள் கேட்டதில்லை. திரும்பி வந்தபோது வேறு ஆளாக வரவில்லை, ஆனால் சாப்பிட்டுவிட்டு வந்தான். அது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

புது பேஸ்காரர் வத்தளையிலிருந்து வருகிறார், வயதில் எல்லோரிலும் சின்னவர். அவரிடம் பழைய ஒலிப்பதிவுகளைக் கொடுத்து இப்படியே வாசி என்று சொல்லவில்லை. பாட்டின் கோட்களை, அதாவது ஸ்வரக் கூட்டுகளை, எழுதிய தாளைக் கொடுத்தோம், மிச்சம் உன் விருப்பம் என்றோம். மேடையில் ட்ரம்ஸுக்கு இடப்பக்கம் அண்ணா நின்ற இடத்தில் இப்போது என் கீபோர்ட் நிற்கிறது. புதுத் தம்பி வலப்பக்கம். பார்க்கிறவர்கள் கண் தானாகப் பழைய இடத்துக்குப் போய் ஒப்பிடாமல் இருக்க அது உதவுகிறது, எங்கள் கண்ணுக்கும் சேர்த்துத்தான். "அண்ணா இப்படி வாசிக்க மாட்டார்" என்ற வசனத்தை ஒத்திகையில் தடை செய்தோம். அண்ணாவைப் பற்றிய கதைகளுக்குத் தடை இல்லை. வான் வண்டியில் போகும்போது தம்பியே கேட்பான், "அந்த மட்டக்களப்புக் கதையைச் சொல்லுங்கோ" என்று.

பழைய ஒலிப்பதிவுகள் என்று சொன்னேன், அதில் ஒரு துக்கம் இருக்கிறது. எங்களிடம் இருந்ததெல்லாம் போனில் எடுத்த வீடியோக்கள். நாலு தந்தி பேஸின் அடித் தந்தி சுமார் 41 ஹேர்ட்ஸில் அதிர்கிறது, அந்த ஆழத்தைப் போன் ஸ்பீக்கர் தராது. எத்தனையோ நிகழ்ச்சிகளில் அவர் நிற்கிறார், விரல் அசைகிறது, அவர் வாசித்தது கேட்கவில்லை. நல்ல ஹெட்போனில் கேட்டால் கொஞ்சம் வருகிறது, அதுவும் மண்டபத்து இரைச்சலோடு. இப்போது மிக்ஸரில் இருந்து ஒவ்வொருவருடைய வாசிப்பையும் தனித்தனித் தடமாக லப்டொப்பில் பதிகிறோம். ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியாக அனுப்புகிற யூஎஸ்பி மிக்ஸரில் இருந்தால் பெரிய செலவு இல்லை, ஒரு வயரும் இலவச மென்பொருளும் போதும். குழு வைத்திருக்கிறவர்கள் அடுத்த நிகழ்ச்சியிலேயே தொடங்குங்கள்.

அவர் மெட்டமைத்த எங்கள் சொந்தப் பாட்டுகள் மூன்று இருக்கின்றன. ஒன்றின் வரிகள் என்னுடையவை, மற்ற இரண்டும் ஒரு நண்பர் எழுதியவை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைத்தவர் இறந்து 70 வருடம் வரை உரிமை இருக்கிறது, கூட்டாகப் படைத்ததென்றால் கடைசியாக இறப்பவரின் மரணத்திலிருந்து 70 வருடம். ஆகவே அந்த மெட்டுகளில் இப்போது அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. ‘நம்ம அண்ணாவின் பாட்டுத்தானே’ என்று எடுத்துப் போட்டுவிட முடியாது, போடவும் கூடாது. ஒரு சட்டத்தரணியிடம் போய் ஒரு பக்கத்தில் உடன்பாடு எழுதினோம்: யார் பேர் எந்த இடத்தில் வரும், யூடியூபிலோ வேறு எங்கேயோ வருகிற வருமானம் எப்படிப் பிரியும், வேறு யாராவது பாடக் கேட்டால் யார் சம்மதம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அக்கா வாசித்துவிட்டு ஒரு இடத்தில் மட்டும் திருத்தம் கேட்டார், அண்ணாவின் பேரை முழுப் பேராகப் போடச் சொல்லி. பேஸ் அண்ணா என்றே கூப்பிட்டுப் பழகிய எங்களில் ஒருவர் அந்த முழுப் பேரை எழுத்துக்கூட்டிக் கேட்க வேண்டியிருந்தது. அடுத்த தைக்குள் மூன்று பாட்டையும் ஸ்டுடியோவில் பதிந்து வெளியிடுகிறோம். பேஸை வத்தளைத் தம்பி தன் விருப்பப்படியே வாசிப்பான். அதை அக்காவிடம் முதலே சொல்லிவிட்டோம், அவருக்கும் சம்மதம்.